சமோவா 2019: 83 சாவுக்கு முன்னாடியே டேபிள்ல இருந்த ஒரு நம்பர்

2018 ஜூலை 6. பசிபிக் கடல்ல இருக்குற சமோவா நாட்டுல சவாயி தீவு, சஃபோட்டுன்னு ஒரு ஊர் ஆஸ்பத்திரி. ஒரு வயசு ஆன ரெண்டு குழந்தைங்களுக்கு எம்எம்ஆர் தடுப்பூசி, அதாவது தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூணுக்கும் சேர்த்து போடுற ஊசி, அன்னைக்கு போட்டாங்க. முதல் குழந்தை சில நிமிஷத்துலயே இறந்துடுச்சு. ரெண்டாவது குழந்தையும் அதே நாள் இறந்துடுச்சு. ஊசி மருந்துல ஒரு கோளாறும் இல்ல. பவுடரா இருக்குற அந்த மருந்தை கலக்க வேண்டிய தண்ணிக்கு பதிலா, ஆபரேஷன் அப்போ தசையை தளர்த்துறதுக்கு குடுக்குற மயக்க மருந்தை, அதுவும் காலாவதி ஆனதை, நர்ஸுங்க கலந்துட்டாங்க.

அடுத்த ஒன்றரை வருஷத்துக்குள்ள, அதுவும் கடைசி மூணு மாசத்துல, அந்த நாட்டுல 83 பேர் தட்டம்மையில செத்தாங்க, அதுல பெரும்பாலும் 5 வயசுக்கு கீழ உள்ள குழந்தைங்க. நாட்டோட மொத்த ஜனத்தொகையே ரெண்டு லட்சம்தான். நம்ம ஊர்ல ஒரு நடுத்தர டவுன் அளவு. அந்த விகிதத்தை அப்படியே தமிழ்நாட்டு ஜனத்தொகைக்கு போட்டு பாத்தேன், 30,000 பேர் கிட்ட வருது. மூணு மாசத்துக்குள்ள 30,000 பேர், அதுல முக்காவாசிக்கு மேல கைக்குழந்தையும் நடை பழகுற குழந்தையும்னு நினைச்சு பாருங்க. அந்த நாட்டு ஜனங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்னு அப்பதான் எனக்கு புரிஞ்சது.

இந்த கேஸை நான் திரும்ப திரும்ப படிக்கிறதுக்கு ஒரு காரணம் இருக்கு. நோய், தடுப்பூசி, சாவு, இந்த மூணு கணக்கும் ஒன்னோட ஒன்னு எப்படி பிணைஞ்சு இருக்குன்னு இவ்வளவு தெளிவா காட்டுற நிகழ்வு வேற எனக்கு தெரியல. சின்ன நாடு, அதனால எல்லா நம்பரும் கண்ணுக்கு முன்னாடி நிக்குது. பெரிய நாட்டுல இதே விஷயம் நடந்தா லட்சத்துக்கு நடுவுல கரைஞ்சு போயிடும்.

முதல்ல அந்த ஊசி கலக்குற விஷயத்தை கொஞ்சம் நிதானமா சொல்லிடுறேன், ஏன்னா அது தெரியாம மேல போனா நர்ஸுங்களை திட்டுறதோட நிறுத்திடுவோம். தட்டம்மை மருந்து குப்பியில காய்ஞ்ச பவுடரா வரும், அடியில ஒட்டிக்கிட்டு சின்ன வில்லை மாதிரி இருக்கும். பக்கத்துல அதுக்குன்னே தனியா ஒரு குப்பி தண்ணி வரும், அதே கம்பெனி அதே மருந்துக்கு அனுப்புற தண்ணி. அதை ஒரு நாள் முன்னாடியே ஃப்ரிட்ஜ்ல வெச்சு ரெண்டையும் ஒரே குளிர்ச்சிக்கு கொண்டு வந்து, சிரிஞ்சுல இழுத்து, பவுடர்ல விட்டு, மெதுவா சுத்தி கலக்கணும். கலந்த நேரத்தை குப்பி மேலயே பேனாவுல எழுதணும். 6 மணி நேரம் தாண்டுனா மீதி இருந்தாலும் தூக்கி போடணும். தடுப்பூசி ஃப்ரிட்ஜ்ல வேற எந்த மருந்தும் வைக்க கூடாதுங்கறது உலகம் பூரா உள்ள விதி. ஏன் அப்படின்னா, சின்ன சின்ன கண்ணாடி குப்பிங்க எல்லாமே ஒரே மாதிரி இருக்கும், உள்ள இருக்குறதும் தண்ணி மாதிரியேதான் இருக்கும், அவசரத்துல கை எதை எடுக்கும்னு சொல்ல முடியாது. சஃபோட்டுல அந்த கை தப்பா எடுத்துடுச்சு. அந்த ரெண்டு நர்ஸுங்களும் கோர்ட்ல குத்தத்தை ஒத்துக்கிட்டாங்க, 2019 ஆகஸ்ட்ல ஆளுக்கு 5 வருஷம் ஜெயில் தண்டனை ஆச்சு.

இப்ப அரசாங்கம் என்ன செஞ்சுதுன்னு பாப்போம். குழந்தைங்க இறந்த உடனே நாடு முழுக்க எம்எம்ஆர் ஊசியை நிறுத்திட்டாங்க. விசாரணை முடியுற வரைக்கும் ஒரு வாரமோ ரெண்டு வாரமோ நிறுத்தி வெச்சிருந்தா அதுல தப்பு சொல்ல எனக்கு மனசு வராது, ரெண்டு குழந்தை செத்திருக்கு, காரணம் தெரியணும், மருந்துலயே கோளாறா இல்ல கலந்ததுல கோளாறான்னு பாக்கணும். ஆனா நிறுத்தினது கிட்டத்தட்ட 10 மாசம். உலக சுகாதார நிறுவனம் நிறுத்த வேணாம்னு சொல்லியும் 10 மாசம். அந்த 10 மாசத்துல ஃபேஸ்புக்ல என்னென்ன பேசணுமோ எல்லாம் பேசி முடிச்சுட்டாங்க. ஊசியே விஷம், வெளிநாட்டுக்காரன் நம்ம குழந்தைங்களை வெச்சு சோதனை பண்றான், இப்படி. ஊசியில கோளாறு இல்லன்னா அரசாங்கமே எதுக்கு நிறுத்தி வெச்சிருக்குன்னு ஒரு தாய் கேட்டா அதுக்கு யார்கிட்டயும் பதில் இல்ல. நியாயமான கேள்விதானே அது. 2019ல ஊசியை திரும்ப ஆரம்பிச்சப்போ ஆஸ்பத்திரி கதவு திறந்திருந்தது, ஆனா குழந்தையை தூக்கிட்டு வர ஆள் குறைஞ்சு போச்சு.

சரி, நம்பருக்கு வருவோம். 2017ல சமோவாவுல தட்டம்மை முதல் டோஸ் போட்ட குழந்தைங்க 74 சதவீதம்னு அப்போ பேசப்பட்ட கணக்கு. 2018ல அது 31. சில இடத்துல 34ன்னு போட்டிருப்பாங்க. ரெண்டாவது டோஸ் 2018ல 13 சதவீதம்.

31ஆ 34ஆன்னு சண்டை போட தேவையில்ல. தடுப்பூசி சதவீதங்கறது ஒரு வகுத்தல் கணக்கு. மேல, போட்ட ஊசி எத்தனை. கீழ, போட வேண்டிய குழந்தை எத்தனை. மேல இருக்குறதை ரெஜிஸ்டர்ல இருந்து எடுப்பாங்க, கீழ இருக்குறது பல நாட்டுல அனுமானம்தான், பழைய சென்சஸை வெச்சு இந்த வருஷம் இத்தனை குழந்தை பிறந்திருக்கும்னு ஒரு கணக்கு. அந்த அனுமானம் கொஞ்சம் மாறினா சதவீதமும் மாறும். சில சமயம் 100ஐ தாண்டி கூட போகும், 104 சதவீதம்னு ரிப்போர்ட் வரும், பாத்த உடனே கீழ இருக்குற நம்பர் தப்புன்னு புரிஞ்சுக்கணும். அதனாலதான் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து, நாடுங்க அனுப்புறதை அப்படியே போடாம, வீடு வீடா எடுத்த சர்வேயோட ஒப்பிட்டு தனியா ஒரு மதிப்பீடு வருஷா வருஷம் ஜூலை வாக்குல வெளியிடுறாங்க. ஆனா 31ஓ 34ஓ, ரெண்டும் ஒரே விஷயத்தைதான் சொல்லுது, மூணுல ரெண்டு குழந்தைக்கு ஊசி போடல.

இதுல எல்லாரும் பாக்குறது 31ங்கற நம்பரை. நான் பாக்க சொல்றது மீதி 69ஐ. ஏன்னா 31 சதவீதம்னு சொன்னா அந்த வருஷத்தோட மார்க் மாதிரி தோணும், அடுத்த வருஷம் 80 எடுத்துட்டா சரியாயிடும்னு நினைக்க வைக்கும். அந்த 69 அப்படி இல்ல, அது எங்கயும் போகாது. அது வளருற குழந்தைங்க. அடுத்த வருஷமும் அங்கதான் இருக்கும், அதுக்கு மேல அடுத்த வருஷத்து மிச்சமும் வந்து சேரும்.

நானே ஒரு பேப்பர்ல போட்டு பாத்தேன், தோராய கணக்குதான், அப்படியே எடுத்துக்கோங்க. சமோவாவுல வருஷத்துக்கு கிட்டத்தட்ட 5,000 குழந்தை பிறக்குது. 2017ல 74 போனா மீதி 26, அது 1,300 குழந்தை. 2018ல 31 போனா மீதி 69, அது 3,450. ரெண்டு வருஷத்துக்கே 4,750 ஆச்சு. போட்டுக்கிட்டவங்கள்லயும் முதல் டோஸ்ல 100க்கு 7 பேர் கிட்ட எதிர்ப்பு சக்தி சரியா வராது, அதுக்குத்தான் ரெண்டாவது டோஸே இருக்கு, அதுவோ 13 சதவீதம். இதுக்கு மேல 2019ல பிறந்த கைக்குழந்தைங்க, அவங்களுக்கு ஊசி போடுற வயசே வரல, அம்மாகிட்ட இருந்து வந்த எதிர்ப்பு சக்தி ஆறேழு மாசத்துல தேய்ஞ்சு போயிடும். ஆக 2019 நடுவுல, ஒரு வைரஸ் வந்து இறங்கினா பிடிக்கிறதுக்கு ஆயிரக்கணக்குல குழந்தைங்க ஒரே தீவுல, ஒரே ஊர்ல, ஒரே வீட்ல, ஒரே சர்ச் பெஞ்சுல இருந்தாங்க. கடைசியில அந்த தொற்றுல வந்த மொத்த கேஸ் 5,700 சொச்சம். ரெண்டு நம்பரும் பக்கத்துல பக்கத்துல வர்றது ஒரு அளவுக்கு தற்செயல்தான், நோய் வந்தவங்கள்ல பெரியவங்களும் உண்டு, பள்ளிக்கூட பசங்களும் உண்டு, ஆனா அந்த பேப்பரை பாத்துட்டு கொஞ்ச நேரம் வேற எதுவும் செய்ய தோணல.

தட்டம்மையை பத்தி நம்ம ஊர்ல ஒரு எண்ணம் இருக்கு, சின்ன வயசுல எல்லாருக்கும் வரும் போகும், வேப்பிலை போட்டு படுக்க வெச்சு மூணு தண்ணி ஊத்தினா சரியாயிடும்னு. எங்க பாட்டி தலைமுறையில அப்படி பிழைச்சவங்கதான் நமக்கு கதை சொல்ல இருந்தாங்க. பிழைக்காதவங்க கதை சொல்ல இல்ல. ஒருத்தருக்கு வந்தா, எதிர்ப்பு சக்தி இல்லாத கூட்டத்துல 12ல இருந்து 18 பேர் வரைக்கும் பரவும். நோயாளி ரூமை விட்டு போன பிறகும் ரெண்டு மணி நேரம் வரைக்கும் காத்துல வைரஸ் நிக்கும். தடிப்பு வெளிய தெரியறதுக்கு 4 நாள் முன்னாடியே பரப்ப ஆரம்பிச்சிடும், அதாவது அம்மைன்னே தெரியாத நாள்லயே, வெறும் சளி காய்ச்சல்னு நினைக்கிற நாள்லயே. அதனாலதான் 95 சதவீதம் பேருக்கு ரெண்டு டோஸ் வேணும்னு சொல்றாங்க.

இன்னொரு விஷயமும் இருக்கு, இதை தெரிஞ்சுக்கிட்ட நாள்ல இருந்து அம்மை வந்து போன குழந்தையை பாத்தா எனக்கு கவலை வரும். தட்டம்மை வைரஸ், உடம்பு மத்த நோய்ங்களுக்கு சேர்த்து வெச்ச நினைவையே அழிக்குது. நெதர்லாந்துல ஊசி போடாத 77 குழந்தைங்ககிட்ட அம்மை வர்றதுக்கு முன்னாடியும் வந்த பின்னாடியும் ரத்தம் எடுத்து பாத்தாங்க. முன்னாடி அவங்க உடம்புல வேற வேற கிருமிங்களுக்கு எதிரா இருந்த ஆன்டிபாடியில 11ல இருந்து 73 சதவீதம் வரைக்கும் காணாம போயிருந்தது. அந்த ஆராய்ச்சி வெளிவந்தது 2019 நவம்பர் 1. சமோவாவுல குழந்தைங்க செத்துக்கிட்டு இருந்த அதே மாசம். அதனால அம்மையில செத்தவங்க 83ங்கறது அந்த மூணு மாசத்துக்குள்ள செத்தவங்க கணக்கு மட்டும்தான், பிழைச்ச ஆயிரக்கணக்கான குழந்தைங்க அடுத்த ரெண்டு மூணு வருஷம் நிமோனியாவுக்கும் வயித்துப்போக்குக்கும் எவ்வளவு பலவீனமா இருந்திருப்பாங்கங்கறது அதுல வராது.

2019ல நியூசிலாந்துல தட்டம்மை பரவிக்கிட்டு இருந்தது, பெரும்பாலும் ஆக்லாந்துல, வருஷத்துல 2,000க்கு மேல கேஸ். ஆக்லாந்துக்கும் சமோவாவுக்கும் தினமும் விமானம், அங்க சமோவா ஜனங்க ஏகப்பட்ட பேர் இருக்காங்க, கல்யாணம் கருமாதின்னு போக வர இருப்பாங்க. ஆகஸ்ட் கடைசியில அங்க இருந்து வந்த ஒரு பயணியோட நோயும் வந்து இறங்குச்சு. அக்டோபர் 16ல அரசாங்கம் தொற்று பரவுதுன்னு அறிவிச்சது. நவம்பர் நடுவுல அவசர நிலை. பள்ளிக்கூடம் மூடியாச்சு, 17 வயசுக்கு கீழ உள்ளவங்க பொது கூட்டத்துக்கு வர தடை, ஊசி கட்டாயம். நவம்பர் கடைசியில ஒரே நாள்ல 200க்கு மேல புது கேஸ் வந்த நாளெல்லாம் உண்டு. தலைநகர் ஆபியாவுல இருக்குற பெரிய ஆஸ்பத்திரியில இடம் இல்ல. ஒரே வீட்ல மூணு குழந்தைங்களை பறிகொடுத்த அப்பா அம்மா இருக்காங்க. நியூசிலாந்துல இருந்து சின்ன சின்ன சவப்பெட்டிங்க செஞ்சு, அதுல பூவும் பட்டாம்பூச்சியும் போட்டு அனுப்பி வெச்சாங்க. டிசம்பர் 8ல சாவு 70, அதுல 61 பேர் 4 வயசும் அதுக்கு கீழயும்.

அந்த நேரத்துலயும் ஊசி வேணாம்னு பேசினவங்க நிறுத்தல. பப்பாளி இலை சாறு, வைட்டமின் மாத்திரை, ஏதோ ஒரு மெஷின்ல எடுத்த விசேஷ தண்ணியை குழந்தை மேல தெளிக்கிறதுன்னு எல்லாம் நடந்தது. ஊசிக்கு எதிரா பிரச்சாரம் பண்ண ஒருத்தரை டிசம்பர்ல கைது கூட பண்ணாங்க. பப்பாளி இலை குடுத்த அப்பா அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன், அவங்களுக்கு பயம், ரெண்டு குழந்தை ஊசியில செத்ததை ஊரே பேசியிருக்கு. ஆனா பயந்தவங்க மேல ஏறி நின்னு தண்ணி வித்தவங்களை மன்னிக்க முடியல.

இதே வைரஸ் அதே மாசங்கள்ல பக்கத்து நாடுங்களுக்கும் போச்சு. இந்த ஒப்பீட்டை மட்டும் நல்லா பாருங்க. டோங்கா, ஒரு லட்சம் ஜனம். நியூசிலாந்துக்கு ரக்பி விளையாட போயிட்டு வந்த பள்ளிக்கூட பசங்க மூலமா அங்க வந்தது. 612 கேஸ். சாவு ஒன்னு கூட இல்ல. ஃபிஜியில 28 கேஸ், சாவு இல்ல. அமெரிக்கன் சமோவா, அதாவது அமெரிக்கா கையில இருக்குற பக்கத்து தீவு, அதே ஜனங்க, அதே மொழி, அதே சாப்பாடு, கப்பல்ல போற தூரம், அங்க 12 கேஸ், சாவு இல்ல. அந்த மூணு இடத்துலயும் ஊசி போட்டவங்க ரொம்ப அதிகம், டோங்காவுல 99 சதவீதம் கிட்ட.

டோங்கா நம்பரை பாத்துட்டு, 99 சதவீதம் போட்டும் 612 பேருக்கு வந்திருக்கே அப்புறம் எதுக்கு ஊசின்னு என்கிட்ட ஒருத்தர் கேட்டார். வந்தது யாருக்குன்னு பாக்கணும். அங்க நோய் வந்தது பெரும்பாலும் டீன் ஏஜ் பசங்களுக்கு, ஹாஸ்டல்ல ஒன்னா இருக்குறவங்க, விளையாடுறவங்க. கைக்குழந்தையை சுத்தி இருக்குறவங்க போட்டிருந்ததால வைரஸ் தொட்டில் வரைக்கும் போகவே இல்ல. சமோவாவுல அது நேரா தொட்டிலுக்குதான் போச்சு. நோய் வந்தவங்கள்ல எத்தனை பேர் செத்தாங்கன்னு பாத்தா சமோவாவுல 5,707க்கு 83, 100க்கு ஒன்றரை பேர் மாதிரி வருது. வைரஸ் ரெண்டு ஊருக்கும் ஒன்னுதான், வந்த வயசு வேற. சாவு விகிதத்தை மட்டும் தனியா எடுத்து பேசுறவங்ககிட்ட நான் முதல்ல கேக்குறது வயசுவாரியா பிரிச்ச டேபிள் எங்கன்னுதான்.

சமோவாவுக்கு இது ரெண்டாவது அடி. 1918 நவம்பர் 7ல ஆக்லாந்துல இருந்து தாலுனேங்கற கப்பல் ஆபியாவுக்கு வந்தது, உள்ள ஃப்ளூ நோயாளிங்க. மேற்கு சமோவா, அதாவது இப்போதைய சமோவா, அப்போ நியூசிலாந்து நிர்வாகத்துல. கப்பலை தடுக்காம இறக்கி விட்டாங்க. கிட்டத்தட்ட 8,500 பேர் செத்தாங்க, ஜனத்தொகையில அஞ்சுல ஒரு பங்குக்கு மேல. அதே நேரத்துல அமெரிக்கன் சமோவாவுல கவர்னர் ஜான் பாயர் கப்பலை எல்லாம் தனிமைப்படுத்தி வெச்சார், அங்க ஒருத்தர் கூட சாகல. 2002ல நியூசிலாந்து பிரதமர் ஹெலன் கிளார்க் ஆபியாவுக்கு வந்து மன்னிப்பு கேட்டார். நூறு வருஷம் கழிச்சு அதே ஆக்லாந்து, அதே ஆபியா, அதே பக்கத்து தீவுல பூஜ்யம். 2019ல அந்த நாட்டு பெரியவங்க மனசுல எது ஓடியிருக்கும்னு நமக்கு வெளிய இருந்து புரியறது கஷ்டம்.

டிசம்பர் 5, 6 ரெண்டு நாள் நாட்டையே நிறுத்தினாங்க. அரசாங்க ஆபீஸ் மூடல், கடை மூடல், ரோட்டுல வண்டி போக கூடாது, எல்லாரும் வீட்லயே இருக்கணும். ஊசி போடாதவங்க யாராவது வீட்ல இருந்தா வாசல்ல சிவப்பு துணி கட்டணும், டீம் வண்டி அங்க நிக்கும். மரத்துல, வேலியில, தூண்ல, கையில கிடைச்ச சிவப்பு துணியை எல்லாம் கட்டி வெச்சாங்க. ஹவாய்ல இருந்து அப்போ துணை கவர்னரா இருந்த ஜாஷ் கிரீன், அவரே டாக்டர், 70க்கு மேல டாக்டர் நர்ஸுங்களை கூட்டிட்டு வந்து இறங்கினார். நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, பிரிட்டன் ஆளுங்க ஏற்கனவே வந்திருந்தாங்க. யுனிசெஃப் ஒரு லட்சத்துக்கு மேல டோஸ் அனுப்பிச்சது. டிசம்பர் கடைசி வாரத்துக்குள்ள 94, 95 சதவீதத்தை தொட்டாங்க. டிசம்பர் 28ல அவசர நிலையை எடுத்தாங்க.

எனக்கு அந்த சிவப்பு துணிதான் இந்த கேஸ் முழுக்க மனசுல நிக்குது. 2018 டேபிள்ல 69 சதவீதம்னு இருந்த குழந்தைங்க யாரு, எந்த வீடு, எந்த தெருன்னு அந்த ரெண்டு நாள்லதான் முதல் தடவையா எல்லார் கண்ணுக்கும் தெரிஞ்சது. அதுவரைக்கும் ரிப்போர்ட்ல போட்டவங்க எண்ணிக்கை மட்டும்தான் இருந்தது. ஒன்றரை வருஷம் முன்னாடியே அந்த கணக்கை எடுத்திருக்கலாம், ஊசி நிறுத்தி வெச்ச 10 மாசமும் வாரா வாரம் இத்தனை குழந்தை பாக்கி ஆயிடுச்சுன்னு பிரதமர் மேசைக்கு ஒரு நம்பர் போயிருந்தா, 10 மாசம் நிறுத்தி வெச்சிருக்க யாருக்கும் தைரியம் வந்திருக்காதுன்னு நான் நம்புறேன். ஊசியால செத்த ரெண்டு பேருக்கு பேர் இருந்தது, முகம் இருந்தது, கோர்ட் கேஸ் இருந்தது. நிறுத்தி வெச்சதால ஆபத்துல மாட்டினவங்களுக்கு அந்த நேரத்துல முகம் இல்ல.

இது நமக்கு தூரத்து கதை இல்ல. 2008 ஏப்ரல்ல திருவள்ளூர் மாவட்டத்துல தட்டம்மை ஊசி போட்ட அன்னைக்கே 4 கைக்குழந்தைங்க இறந்து போனாங்க. அதுக்கு அப்புறம் தமிழ்நாட்டுல ஊர் ஊரா அங்கன்வாடியில வெச்சு போட்டுக்கிட்டு இருந்த ஊசியை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாத்தினாங்க, டாக்டர் பக்கத்துல இருக்கணும்னு. நோக்கம் நல்ல நோக்கம்தான். ஆனா கூலி வேலைக்கு போற அம்மா ஒரு நாள் சம்பளத்தை விட்டுட்டு பஸ் ஏறி பிஎச்சிக்கு வரணும். தேசிய குடும்ப நல சர்வேயில 2005-06ல தமிழ்நாட்டுல எல்லா ஊசியும் முழுசா போட்ட குழந்தைங்க 80.9 சதவீதம், 2015-16ல 69.7. அந்த ஒரு முடிவு மட்டுமே காரணம்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா அதை விட்டுட்டு அந்த பத்து வருஷத்தை படிக்க முடியாது. 2019-21ல 89.2க்கு ஏறிடுச்சு. நடுவுல விட்டுப்போன பசங்க மட்டும் அப்படியே வளர்ந்துட்டாங்க.

2017 பிப்ரவரியில எம்ஆர் ஊசி, தட்டம்மை ருபெல்லா ரெண்டுக்கும் சேர்த்து, 9 மாசத்துல இருந்து 15 வயசு வரைக்கும் எல்லாருக்கும் போட ஆரம்பிச்சப்போ வாட்ஸ்அப்ல வந்த ஆடியோ எங்க வீட்டுக்கும் வந்தது. எங்க அக்கா பையன் அப்ப ரெண்டாங்கிளாஸ். பள்ளிக்கூடத்துல ஊசி போடுற அன்னைக்கு அக்கா அவனை அனுப்பல, வயித்து வலின்னு சொல்லிட்டா. நானும் அக்காகிட்ட பேசி பாத்தேன், சதவீதம் எல்லாம் சொன்னேன், உன் புள்ளையா இருந்தா தெரியும்னு ஒரே வார்த்தையில வாயை அடைச்சுட்டா. பத்து பதினஞ்சு நாள் கழிச்சு கிராம சுகாதார நர்ஸ் ஒரு சாயங்காலம் வீட்டுக்கே வந்தாங்க. கையில ஒரு நீள நோட்டு. அதுல போட்டவங்க பேர் இல்ல, விட்டுப்போனவங்க பேர் மட்டும். ஒவ்வொரு பேருக்கு நேரா சின்ன எழுத்துல காரணம், ஊருக்கு போயிட்டாங்க, காய்ச்சல், மாமியார் வேணாம்னாங்க, பூட்டின வீடு. எங்க பையன் பேருக்கு நேரா வயித்து வலின்னு எழுதி பக்கத்துல ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாங்க.

திண்ணையில உக்காந்து மோர் குடிச்சுட்டு, அக்காகிட்ட ஊசியை பத்தி எதுவும் ஆரம்பிக்கல. அந்த ஆடியோவை போடும்மா நானும் கேக்குறேன்னாங்க. முழுசா கேட்டாங்க. அக்கா பயத்தை எல்லாம் கொட்டி முடிச்ச பிறகு, நாளைக்கு நீயும் கூட வா, மருந்து குப்பியை உடைக்கிறதுல இருந்து கலக்குறது வரைக்கும் உன் கண்ணு முன்னாடியே பண்றேன், தேதியை நீயே படிச்சு பாரு, போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கயே உக்காரு, நானும் உன்கூட உக்காருறேன்னு சொன்னாங்க. மறுநாள் நானும் போனேன். குப்பி மேல இருந்த தேதியை அக்கா சத்தமா படிச்சா, தண்ணி குப்பியில இருந்ததையும் படிச்சா, நர்ஸம்மா கலந்துட்டு 10.20ன்னு நேரத்தை எழுதினாங்க. பையன் கொஞ்சம் அழுதான், அரை மணி நேரம் பெஞ்சுல உக்காந்திருந்தோம், அவனுக்கு ஒன்னும் ஆகல, பசிக்குதுன்னான்.

நாங்க கிளம்புறப்போ நர்ஸம்மா நோட்டை பிரிச்சு அவன் பேரை ஒரு கோடு போட்டு அடிச்சாங்க. அந்த பக்கத்துல இன்னும் பதினோரு பேர் பாக்கி. கண்ணாடியை நெத்திக்கு ஏத்திட்டு, அடுத்த பேருக்கு நேரா இருந்த நம்பரை பாத்து போன் பண்ண ஆரம்பிச்சாங்க.